புதுப்பிப்பு: பனிமூட்டத்தில் அம்மாவுடன் புத்தகயா, ராஜ்கிர், லும்பினி

ஜனவரிப் பனிமூட்டத்தில் வயதான அம்மாவோடு பீகாரில் இருக்கும் புத்தகயா, ராஜ்கிர், நேபாளத்தில் இருக்கும் லும்பினி ஆகிய மூன்று பௌத்தத் தலங்களுக்கும் போவது பாதுகாப்பா என்று முன்பு இங்கே கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. நல்லபடியாகத் திரும்பிவிட்டோம்.

ரொம்பவே கைகொடுத்தது, “இருட்டில் சாலைப் பயணமே வேண்டாம்” என்ற யோசனைதான். ரயில் பல மணி நேரம் தாமதமாகி நள்ளிரவில் கயா சேர்ந்தது. புத்தகயா அங்கிருந்து சுமார் 15 கி.மீ.தான், ஆட்டோக்காரர்களும் விடாமல் கூப்பிட்டார்கள். போகவில்லை. காத்திருப்பு அறையில் இருந்துவிட்டு விடிந்த பிறகே கிளம்பினோம். அப்போதுகூட முன்னால் போன லாரியின் சிவப்பு விளக்கு மட்டும்தான் மங்கலாகத் தெரிந்தது.

நான் எதிர்பார்க்காதது ஒன்று: புத்தகயாவின் மகாபோதி கோயிலுக்குள் செல்போன் கொண்டுபோக முடியாது, வெளியே லாக்கரில் வைக்க வேண்டும். உள்ளே கூட்டத்தில் பிரிந்துவிட்டால் கூப்பிட வழியில்லை. அதனால் சந்திக்கும் இடத்தை முன்பே பேசிவையுங்கள். பெரியவர்கள் கையில் விடுதி முகவரி எழுதிய சீட்டு இருக்கட்டும். அம்மா அதைப் புடவை முந்தானையில் முடிந்துகொண்டார்.

ராஜ்கிரில் குரங்குகள் உண்டு, தின்பண்டத்தைக் கையில் வைத்துக்கொண்டு நடக்காதீர்கள். அப்புறம், லும்பினிக்குப் போக சோனௌலியில் இந்திய-நேபாள எல்லையைத் தாண்ட வாக்காளர் அட்டையோ பாஸ்போர்ட்டோ எடுத்துப்போங்கள், ஆதாரை மட்டும் நம்பிப் போக வேண்டாம்.