புதுப்பிப்பு: விரிதாள் வடிவிலேயே தரவை ஆராயும் மென்பொருள்

நிரல் எழுதாமல், விரிதாள் போன்ற தோற்றத்திலேயே தரவைத் திருத்தவும் அதன் போக்கை ஆராயவும் ஏற்ற இலவச மென்பொருள் எது என்று இவ்விழையில் முன்பு கேட்டிருந்தேன். இப்போது ஜமோவியைப் பயன்படுத்தி வருகிறேன்.

புள்ளியியலுக்கான நிரல்மொழியான ஆர் மொழியின் மேல் கட்டப்பட்ட இத்திறமூல மென்பொருள் பார்வைக்கு எக்செல் போலிருந்தாலும் இயல்பில் வேறானது. எக்செலில் ஒவ்வொரு கலத்துக்கும் தனிச் சூத்திரம் இருக்கலாம் என்பதால், நெடுவரிசையின் நடுவே ஒரு கலத்தில் மட்டும் யாரேனும் எண்ணை நேரடியாக உள்ளிட்டிருந்தால் அது கண்ணில் படாமலே போய்விடும். ஜமோவியிலோ கணக்கிட்டுப் பெறும் மாறிக்கு நெடுவரிசை முழுமைக்கும் ஒரே சூத்திரம்தான். வடிகட்டியும் அவ்வாறே, விலக்கப்பட்ட வரிசைகள் அழிக்கப்படாமல் குறியிடப்பட்டு அங்கேயே நிற்க, நிபந்தனையை மாற்றியவுடன் இடைநிலை அளவும் பெட்டி வரைபடமும் தாமாகவே புதுப்பிக்கப்படுகின்றன.

எண்களோடு வரைபடமும் உடனுக்குடன் தெரியும் இந்த வசதியை நான் பெரிதாக மதிப்பதற்குக் காரணம் உண்டு. 1973இல் புள்ளியியலாளர் ஃபிரான்சிஸ் ஆன்ஸ்கோம் வெளியிட்ட நான்கு தரவுத்தொகுப்புகளில் சராசரி, மாறுபாடு, ஒட்டுறவுக் கெழு (இரு மாறிகளுக்கிடையேயான தொடர்பின் வலிமையைக் காட்டும் எண்) ஆகியவை ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தும், படமாக வரைந்தபோது நான்கும் முற்றிலும் வெவ்வேறாகத் தெரிந்தன. (சுருக்க அட்டவணையை மட்டும் அனுப்பக் கேட்போருக்கு நான் முதலில் காட்டுவது இதைத்தான்.)

கோப்பைத் திறந்ததும் ஒவ்வொரு மாறியின் அளவீட்டு வகையையும் சரிபார்ப்பது அவசியம். 1, 2, 3 என்பவை குழுக் குறியீடுகளா உண்மையான அளவுகளா என்பதை மென்பொருளின் ஊகத்துக்கு விட முடியாது. ஒவ்வொரு அளவீடும் தனி நெடுவரிசையில் உள்ள அகலமான அட்டவணையை, ஒவ்வொன்றும் தனி வரிசையில் வரும் நீள வடிவுக்கு மாற்றும் வேலையை மட்டும் இன்னும் ஆர் மொழியில்தான் செய்கிறேன்.