பௌர்ணமிக் கணக்கு போடும் மாமாவோடு ஹாலிஸ்டர் போய் வந்த அனுபவம் (உங்களுடையதையும் சொல்லுங்கள்)

ஃப்ரீமாண்ட்டிலிருந்து:

எங்கள் பக்கத்து வீட்டு மாமா ஓய்வுபெற்ற எலெக்ட்ரிக்கல் இன்ஜினியர். அமாவாசை, பௌர்ணமி நெருங்கினால் ஒரு நோட்டை எடுத்து, எங்கள் கலிஃபோர்னியாவில் நிலநடுக்கம் வரக்கூடிய தேதிகளைக் குறிப்பார். "இந்தக் கெடுவுக்குள்ள மூணரை அளவுக்கு மேல ஒண்ணு ஆடும், பாரும்மா" என்பார். பெரும்பாலும் கீசர்ஸ் என்ற வெந்நீராவிப் பகுதிப் பக்கமோ ஹாலிஸ்டர் பக்கமோ ஒன்று ஆடிவிடும். உடனே நோட்டில் ஒரு டிக் விழும்.

அவருக்கு இந்த ஈடுபாடு வந்தது ஜிம் பெர்க்லண்டால். சாண்டா கிளாரா கவுண்டியின் நிலவியலாளராக இருந்தவர். நிலாவால் வரும் கடலின் ஏற்ற இறக்கத்தையும், பேப்பரில் வரும் 'நாயைக் காணவில்லை, பூனையைக் காணவில்லை' விளம்பரங்களையும் வைத்துக் கணித்தவர். 1989 அக்டோபரில் கில்ராய் பத்திரிகை ஒன்றில் நிலநடுக்கம் வரப்போகிறது என்று சொன்னார். சில நாளில், 17ஆம் தேதி மாலை 5:04க்கு சாண்டா குரூஸ் மலைப்பக்கம் லோமா பிரியெட்டா 6.9 அளவில் ஆடியது. 63 உயிர்கள் போயின. அதை நேரில் பார்த்த தலைமுறைக்கு அந்தக் கணிப்பு மனதில் பதிந்துபோனதில் வியப்பில்லை. ஆனால் காணாமல்போன செல்லப்பிராணி விளம்பரங்களையும் சான் ஃபிரான்சிஸ்கோ வளைகுடாப் பகுதி நிலநடுக்கங்களையும் ஒப்பிட்ட ஆய்வு அதற்கு முந்தைய வருடமே, 1988இல், வந்துவிட்டது. இரண்டுக்கும் தொடர்பே தென்படவில்லை.

ஒரு சனிக்கிழமை மாமாவையும் மாமியையும் காரில் ஏற்றிக்கொண்டு ஹாலிஸ்டர் போனோம். காலவேராஸ் ஃபால்ட் (நிலப்பிளவு) அந்த ஊருக்குள்ளேயே போகிறது. பெரிய ஆட்டம் எதுவும் இல்லாமலே நிலம் வருடா வருடம் மில்லிமீட்டர் கணக்கில் நகர்ந்துகொண்டிருக்கும் இடம். டன் பார்க் அருகே காரை நிறுத்திவிட்டு லோகஸ்ட் அவென்யூ பக்கம் நடந்தாலே போதும். நடைபாதையின் ஓரக்கல் நேராக வந்துகொண்டே இருந்து, ஓரிடத்தில் சட்டென்று பக்கவாட்டில் விலகி, மறுபடி நேராகப் போகிறது. பக்கத்து வீட்டு முன்சுவர் வயிறு தள்ளினமாதிரி வெளியே வளைந்து நிற்கிறது. மாமா குனிந்து, விலகிய விளிம்பில் விரலை வைத்து அப்படியே தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார். சிமெண்ட்டில் பழைய ஒட்டுவேலை, அதன்மேல் புது விரிசல். ஒவ்வொரு தலைமுறையும் பூசிவைத்ததை நிலம் திரும்பத் திரும்பப் பிரித்திருக்கிறது. (அந்த வீடுகளில் ஆட்கள் குடியிருக்கிறார்கள். தெருவிலிருந்தே பாருங்கள், வாசலில் ஏறாதீர்கள்.)

அங்கிருந்து கால் மணி நேரத்தில் சான் ஹுவான் பௌதிஸ்தா. 1797இல் தொடங்கிய மிஷன் தேவாலயம், சான் ஆண்ட்ரியாஸ் ஃபால்ட்டின் விளிம்பிலேயே நிற்கிறது. தேவாலயத்தை ஒட்டி நிலம் படக்கென்று கீழே இறங்குகிறதே, அந்தச் சரிவுதான் ஃபால்ட். 1906 நிலநடுக்கத்தில் பக்கச்சுவர்கள் விழுந்து, 1976இல்தான் முழுதாகச் சீரமைத்தார்கள். அங்கே உட்கார்ந்து கட்டுச்சோறு சாப்பிடும்போதுதான் மாமாவிடம் அந்தக் கேள்வியைக் கேட்டேன். அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் எட்டெட்டு நாள் கெடு வைத்தால், மாதத்தில் பாதிக்கு மேல் முன்கூட்டியே குறித்தாயிற்று. மீதி நாட்களில் எத்தனை ஆடின?

மாமாவுக்குக் கோபம் வரும் என்று நினைத்தேன். வரவில்லை. கொஞ்ச நேரம் சரிவையே பார்த்துக்கொண்டிருந்தவர், "சீட்டுப் போட்டுப் பாத்துடலாம்மா" என்றார். மாமி காகிதத்தைக் கிழித்துத் தேதிகளை எழுதிக் குலுக்க, அவருடைய கெடுவில் இருந்த அதே எண்ணிக்கைக்கு எடுத்தோம். யுஎஸ்ஜிஎஸ் (அமெரிக்க நிலவியல் ஆய்வு நிறுவனம்) பட்டியலை போனில் திறந்து, நோட்டையும் சீட்டையும் மாதம் மாதமாக ஒப்பிட்டோம். சீட்டுக்கும் ஏறக்குறைய அதே அளவு டிக் விழுந்தது.

அன்றிலிருந்து நோட்டில் நாள், இடம், அளவு என்று மூன்று கட்டம் போட்டிருக்கிறார். மூன்றையும் முன்னதாகச் சொன்னால்தான் அது கணிப்பு, யுஎஸ்ஜிஎஸ் சொல்வதும் அதுதான். நான்காவதாக 'தவறியவை' என்று ஒரு கட்டம் அவரே சேர்த்துக்கொண்டார். அதைப் பார்த்தபோது எனக்கு அவர்மேல் இருந்த மரியாதை இன்னும் கூடியது.

நிலாவை அடியோடு ஒதுக்கவும் வேண்டாம். பார்க்ஃபீல்ட் அருகே மிக ஆழத்தில் நடக்கும் நுண்ணிய அதிர்வுகள் நிலா, சூரியன் ஈர்ப்புக்கு ஏற்பக் கூடிக் குறைவதை 2016இல் பதிவுசெய்திருக்கிறார்கள். அந்தத் தள்ளல் உண்மை. ஆனால் அதை வைத்து 'வரும் வியாழக்கிழமை, இந்த ஊரில்' என்று சொல்லிவிட முடியாது.

பாசோ ரோப்லெஸிலிருந்து:

நல்ல பகிர்வு, சகோதரி. மாமாவை அடுத்து பார்க்ஃபீல்டுக்குக் கூட்டிவாருங்கள். இங்கிருந்து 46ஆம் நெடுஞ்சாலையில் சோலாம் போய் வடக்கே திரும்பினால் ஓக் மரங்களும் மேய்ச்சல் நிலமும்தான், எதிரே வண்டியே வராது. ஊர்ப்பலகையில் மக்கள்தொகை 18. சின்னப் பாலம் ஒன்றின் இக்கரை பசிபிக் நிலத்தட்டு, அக்கரை வட அமெரிக்க நிலத்தட்டு. பாலத்தின் கைப்பிடி வளைந்திருப்பது வெறும் கண்ணுக்கே தெரியும்.

அமெச்சூர்களை மட்டும் ஏன் கேட்க வேண்டும்? விஞ்ஞானிகளே தேதி வைத்துப் பார்த்த ஊர் இது. 1857, 1881, 1901, 1922, 1934, 1966 என்று ஏறக்குறைய 22 வருடத்துக்கு ஒருமுறை 6 அளவில் ஆடியதால், அடுத்தது 1993க்குள் வரும் என்று 95 சதவீத உறுதியோடு அறிவித்தார்கள். நிலமெங்கும் கருவிகளைப் புதைத்துக் காத்திருந்தார்கள். 1992 அக்டோபரில் 4.7 ஒன்று வந்ததும் 72 மணி நேர எச்சரிக்கைகூட விட்டார்கள், பெரியது வரவில்லை. அது வந்தது 2004 செப்டம்பர் 28. அவ்வளவு கருவி இருந்தும், முன்கூட்டிச் சொல்லக்கூடிய அறிகுறி எதுவும் பிடிபடவில்லை. இடமும் அளவும் சொன்னபடியே, நாள்தான் 11 வருடம் தள்ளிப்போனது. தோல்வி என்று பலர் எழுதினார்கள், எனக்கு அப்படிப் படவில்லை. கெடுவை முதலிலேயே எழுதிவைத்து, தவறியதை ஊரறியச் சொன்னார்கள். நோட்டு வைத்திருக்கும் ஒவ்வொருவரும் அந்தப் பாலத்தில் கொஞ்ச நேரம் நிற்க வேண்டும்.

சாண்டா குரூஸிலிருந்து:

1989இல் நான் இங்கே மாணவன். பசிபிக் கார்டன் மாலில் செங்கல் சுவர்கள் சரிந்ததைப் பார்த்தவன். "உங்க நாய் முன்னாடியே குரைச்சுதா?" என்று இன்றுவரை கேட்கிறார்கள். நான் தங்கியிருந்த வீட்டு நாய் தரை ஆடும்வரை தூங்கிக்கொண்டுதான் இருந்தது. விலங்குகள் நம்மைவிடச் சில நொடி முன்பு நடுக்கத்தின் முதல் மெல்லிய அலையை உணரலாம், அதை மறுக்கவில்லை. சில நாள் முன்பு என்பது வேறு பேச்சு.

வாட்ஸ்அப்பில் 'நாளை இரவு கலிஃபோர்னியாவில் பெரியது' என்று வந்தால் தயவுசெய்து யாருக்கும் அனுப்பாதீர்கள். 1990 டிசம்பர் 3ஆம் தேதி நியூ மாட்ரிட் பகுதி ஆடும் என்று ஐபன் பிரௌனிங் என்பவர் சொன்னதை நம்பி மிசௌரியிலும் அக்கம்பக்கத்திலும் பள்ளிகளையே மூடினார்கள். ஒன்றும் ஆடவில்லை. என் அம்மா இப்படி ஒரு செய்தியைப் படித்துவிட்டு ராத்திரி முழுக்க உடை மாற்றாமல் உட்கார்ந்திருந்தார். அந்தப் பயத்துக்கு யார் பொறுப்பு?

மனசு கேட்டால் ஆப்டாஸ் பக்கம் நிசீன் மார்க்ஸ் காட்டுக்குப் போங்கள். ரெட்வுட் மரங்களுக்கு நடுவே ஓடைக்கரையோரம் நடந்தால், 1989 நடுக்கத்தின் மையப்புள்ளியைச் சொல்லும் பலகை இருக்கிறது. பிளவு என்று காட்ட எதுவும் இல்லை, மரங்கள்தான். எனக்கு அந்த நடை எப்போதும் கனமாகவே இருக்கும்.

சான் ரமோனிலிருந்து:

மாமாவுக்கு முழங்கால் வலி உண்டா, அக்கா? என் அப்பாவுக்கு உண்டு. அதிகம் நடக்காமல் ஃபால்ட்டைப் பார்க்க ஏதாவது இடம் இருக்கிறதா?

ஃப்ரீமாண்ட்டிலிருந்து:

இருக்கிறது தம்பி, மாமாவுக்கும் அதே வலிதான். பாயின்ட் ரெய்ஸ் போங்கள். பேர் வேலி பார்வையாளர் மையத்தில் காரை நிறுத்தினால், எதிரிலேயே எர்த்குவேக் ட்ரெயில். மொத்தமே ஒரு கிலோமீட்டர்தான், தளம் போட்ட பாதை, சக்கர நாற்காலியும் போகும். 1906இல் ஒரே வேலி இரண்டாகப் பிரிந்து சுமார் 5 மீட்டர் விலகிய இடத்தில் அதேபோல வேலி அமைத்துக் காட்டியிருக்கிறார்கள். அப்பாவை ஒரு துண்டின் முனையில் நிறுத்திவிட்டு நீங்கள் அடுத்த துண்டின் முனைக்கு நடந்துபோங்கள், அந்தத் தூரம் உடம்புக்கே புரியும். கிளம்புமுன் இருவர் போனிலும் மைஷேக் செயலியைப் போட்டுவிடுங்கள். அது கணிப்பு இல்லை, ஆடத் தொடங்கியபின் வரும் எச்சரிக்கைதான், கிடைப்பது சில நொடி. குனிந்து தலையை மறைத்துக்கொள்ள அது போதும். மதியத்துக்கு மேல் பனிமூட்டம் இறங்கிவிடும், ஸ்வெட்டர் எடுத்துப்போங்கள்.