கூண்டில் விழுந்த செந்நரிக்கு மயக்க ஊசி: களத்தில் கண்டதைச் சொல்லுங்கள்

களமருத்துவர்:
செந்நரிக்குத் துப்பாக்கி ஊசி வேண்டவே வேண்டாம். ஐந்தாறு கிலோ உடம்பில் ஊசி பாயும் வேகமே எலும்பை முறித்துவிடும். தப்பினாலும், மருந்து ஏறுவதற்குள் புதரில் மறைந்துவிடும். பெட்டிக் கூண்டுதான் சரி. நரியோடு கூண்டைத் தராசில் தொங்கவிட்டு, வெறுங்கூண்டின் எடையைக் கழியுங்கள். குளிர்கால ரோமம் நரியைப் பெரிதாகக் காட்டும். கண்மதிப்பை நம்பினால் டோஸ் கூடிப்போகும்.

இரண்டு மயக்க மருந்துகள்: கிலோவுக்கு மெடிடொமிடின் 0.05 மி.கி., கீட்டமின் 2.5 மி.கி.; ஒரே சிரிஞ்சில், தொடைச் சதையில். 6 கிலோ நரி என்றால் மெடிடொமிடின் (மி.லி.க்கு 1 மி.கி.) 0.3 மி.லி., கீட்டமின் (மி.லி.க்கு 100 மி.கி.) 0.15 மி.லி. போட்டதும் கூண்டைத் துணியால் மூடிவிட்டு விலகி நில்லுங்கள். பேச்சுச் சத்தம்கூடக் கூடாது.

பனிக்காடு:
டாக்டர் சொன்ன அந்த அமைதிதான் முக்கியம். மிரண்ட நரியின் உடம்பில் அட்ரினலின் ஏறிக் கிடக்கும், மெடிடொமிடின் எடுபடாது. பத்து நிமிடமாகியும் தலை தொங்கவில்லையா? இன்னும் ஐந்து நிமிடம் பொறுங்கள். பிறகும் மயங்காவிட்டால் கீட்டமினில் மட்டும் பாதி டோஸ். மெடிடொமிடினைக் கூட்டினால் இதயத் துடிப்பு மேலும் இறங்கும்.

மயங்கிய நரி கண்ணை மூடாது. கண்ணுக்குக் களிம்பு போட்டுத் துணி கட்டுங்கள். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை ஆசனவாயில் வெப்பம் பாருங்கள். 40.5 டிகிரி செல்சியஸ் தாண்டினால் வயிற்றிலும் தொடை இடுக்கிலும் தண்ணீர். 41 என்றால் வேலையை நிறுத்திவிடுங்கள். பனியில் இதற்கு நேர்மாறு: அடியில் பாய் இல்லாவிட்டால் உடம்பு சில்லிட்டுவிடும். நாக்கில் மாட்டும் ஆக்சிஜன் மானி 90 சதவீதத்துக்குக் கீழே காட்டினால் கிளிப்பை இடம் மாற்றிப் பாருங்கள். மெடிடொமிடின் ரத்தக் குழாயைச் சுருக்குவதால் சில நேரம் அளவு பொய்யாக இறங்கும். அப்போதும் ஏறாவிட்டால் தயங்காமல் ஆக்சிஜன் கொடுங்கள்.

களமருத்துவர்:
முறிமருந்தில் அவசரம்தான் அதிகம் கெடுக்கிறது. முறிமருந்தான அட்டிபமெசோல் மெடிடொமிடினை மட்டுமே முறிக்கும். கீட்டமினுக்கு முறிப்பு கிடையாது. சீக்கிரமே போட்டால் கீட்டமின் மட்டும் மிஞ்சி, நரி விறைத்து வெட்டி இழுக்கும். கடைசிக் கீட்டமினிலிருந்து 40 நிமிடம் கழித்து, அட்டிபமெசோல் கிலோவுக்கு 0.25 மி.கி., சதையில் மட்டும். மி.லி.க்கு 5 மி.கி. புட்டி என்றால் மெடிடொமிடின் எத்தனை மி.லி.யோ அதே அளவுதான். தள்ளாடாமல் நிற்கும்வரை கூண்டைத் திறக்காதீர்கள்.

தடம்:
எல்லா நரிக்கும் ஊசி தேவையில்லை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கலிஃபோர்னியாவின் சேனல் தீவுகளில் இரண்டு கிலோ அளவிலான தீவு நரிகளை, கண்ணைக் கட்டி வாய்க்கூடு மாட்டிக் கையாலேயே பிடித்துக்கொண்டு, ரேடியோ காலர் போட்டு ரத்தமும் எடுத்துவிடுகிறார்கள். பல் உள்ளே பார்க்கவோ காயம் தைக்கவோ வேண்டுமானால் மட்டும் மருந்து. ஊசியோ வெறுங்கையோ, வெறிநோய்த் தடுப்பூசி போடாதவர் கூண்டுப் பக்கமே வரக்கூடாது.