சனிக்கிழமை டீ: நிறுத்தலாமா, வேண்டாமா?

கவர்பாயிண்ட்:
லண்டன் புறநகர் கிரிக்கெட் கிளப் ஒன்றில் ஒன்பது வருடமாக ஆடுகிறேன். மூன்றாம் லெவன்தான், அதாவது கிளப்பின் மூன்றாவது அணி, பெருமை ஒன்றுமில்லை. 2020 ஜூலையில் இங்கிலாந்தில் கிளப் ஆட்டங்கள் மறுபடி தொடங்கியபோது, கொரோனாவால் டீ, அதாவது ஆட்டத்தின் நடுவே இரு அணிக்கும் கிளப் தரும் சாப்பாடு, கிடையாது, அவரவர் சாப்பாடு அவரவருக்கு என்றார்கள். அப்புறம் சில லீக்குகள் டீ கட்டாயமில்லை என்று விதியையே மாற்றிவிட்டன. இப்போது எங்கள் கிளப்பிலும் டீயை நிறுத்தலாமா என்று வாக்கெடுப்பு வருகிறது. நான் எதிர்த்துத்தான் போடுவேன். முதல் இன்னிங்ஸ் முடிந்து எதிரணியோடு ஒரே மேசையில் உட்காரும் அந்த அரை மணி நேரம் போய்விட்டால் பாதி கிளப் போன மாதிரி. அதுவும் வெள்ளரிக்காய் சாண்ட்விச் பக்கத்தில் மசால் வடை வந்த பிறகு எங்கள் மைதானத்துக்கு வர எல்லா அணிக்கும் ஆசை!

வடைக்காரி:
அந்த வடையைச் சுட்டது யார், அண்ணா? 22 ஆட்டக்காரர்கள், ஸ்கோரர், கூட வந்த பிள்ளைகள் என்று முப்பது பேருக்கு. டீ செய்யும் முறைக்கான ரோஸ்டரில் இருப்பது என் கணவர் பெயர். காலையில் பருப்பு ஊறப்போட்டு, முட்டை அவித்து, ரொட்டி ஓரம் வெட்டியது நான். அவர் காரில் ஏற்றினார். பெவிலியனில் எல்லோரும் அவரைத்தான் பாராட்டினார்கள். நிறுத்துங்கள் என்றே நான் ஓட்டுப் போடுவேன்.

லாங்லெக்:
டீயை விடுங்கள், நாளைப் பாருங்கள். ஒரு மணிக்கு ஆட்டம், வெளியூர் என்றால் பதினொன்றரைக்கே கிளம்பணும், வீடு வர எட்டு மணி. குடும்பத்துக்கு நேரமே இல்லை. ஏப்ரல் கடைசியிலிருந்து செப்டம்பர் வரை இதே கதை. ஞாயிறு காலை டி20 வைத்தால் மூன்று மணி நேரத்தில் முடிந்துவிடும். டீயே தேவைப்படாது.

கவர்பாயிண்ட்:
டி20-யில் ஏழாவதாக இறங்குகிறவனுக்கு என்ன கிடைக்கும்? நாலு பந்து. பந்துவீச்சும் கிடையாது. நான் எதற்கு வரணும்?
குடும்பம் என்கிறீர்கள், என் மகன் அங்கேதான் வளர்ந்தான். ஐந்து வயதில் ஆல் ஸ்டார்ஸ் என்ற சிறுவர் கிரிக்கெட் பயிற்சி, பிறகு ஜோடி ஜோடியாக ஆடும் சிறுவர் ஆட்டம். அதில் அவுட்டானால் வெளியேற வேண்டாம், ஐந்து ரன் கழிப்பார்கள், அவ்வளவுதான். இப்போது ஸ்கோர் புத்தகம் அவன் கையில். எந்த வகுப்பில் இதெல்லாம் கிடைக்கும்?

வடைக்காரி:
மகனுக்குச் சரி. எங்கள் கிளப்பில் என் மகளை யாரும் ஆடக் கூப்பிடவில்லை, கேக் வெட்டக் கூப்பிட்டார்கள். பெவிலியனில் கைக்குழந்தைக்குத் துணி மாற்ற ஒரு மேசைகூட இல்லை.
ஆனால் ஒன்று. ஜூன் மாதத்தில் ஒன்பது மணி வரை வெளிச்சம், சைட் ஸ்கிரீன் என்ற பெரிய திரைக்குப் பின்னால் பிள்ளைகள் உருண்டு விளையாடும், அது எனக்கும் பிடிக்கும். ரோஸ்டரில் பெயர் உள்ளவர் கையே அடுப்பில் இருக்கும் என்று எழுதிக் கொடுங்கள், ஓட்டை மாற்றுகிறேன்.

கவர்பாயிண்ட்:
எழுதிக் கொடுக்கிறேன். அடுத்த சனி என் முறை. பருப்பு எவ்வளவு நேரம் ஊறணும்?

வடைக்காரி:
இரண்டு மணி நேரம். நைஸாக அரைத்துவிடாதீர்கள்.

லாங்லெக்:
வடையைப் பேசி முடித்துவிட்டீர்கள். எட்டு மணிக்கு வீடு திரும்புகிற கேள்வி அப்படியே நிற்கிறது.