கட்டிலுக்கு அடியிலிருந்து வர மறுக்கும் காப்பக நாய்: தூக்கிப் பழக்கலாமா?

கேள்வி:
அனைவருக்கும் வணக்கம். காப்பகத்திலிருந்து பத்து மாதப் பெண் நாய் ஒன்றைத் தத்தெடுத்து ஆறு நாட்கள் ஆகின்றன. பொமரேனியன் கலப்பு, எடை மூன்றரை கிலோ. பகல் முழுவதும் கட்டிலுக்கு அடியில் சுவரோடு ஒட்டிக் கிடக்கிறது; நாங்கள் உறங்கிய பிறகே வெளியே வந்து உண்கிறது. நேற்று நான் கையை நீட்டி வெளியே எடுத்தபோது பயத்தில் சிறுநீர் கழித்துவிட்டது. ஆனால், மடியில் வைத்த பிறகு அசையாமல் அமைதியாக இருந்ததால், தினமும் இவ்வாறு தூக்கி வைத்திருந்தால் கூச்சம் தெளிந்துவிடும் என்கிறார் என் கணவர். எனக்கு ஐயமாக இருக்கிறது.

மறுமொழி 1:
உங்கள் ஐயம் நியாயமானது. அசையாமல் இருந்தது அமைதியினால் அல்ல. தப்ப வழியில்லை என்று தெரிந்த விலங்கு அப்படித்தான் உறைந்துபோகும். உதட்டை நக்குவது, தூக்கம் வராதபோதும் கொட்டாவி விடுவது, முகத்தைத் திருப்பிக்கொண்டு கண்ணின் வெண்மை தெரிய ஓரமாகப் பார்ப்பது ஆகியவை இருந்தனவா என்று நினைத்துப் பாருங்கள். சிறிய நாய் என்பதால் நாம் எளிதாகத் தூக்கிவிடுகிறோம். முப்பது கிலோ நாயிடம் யாரும் இந்த உரிமையை எடுத்துக்கொள்வதில்லை.

கட்டிலுக்கு அடியில் இருப்பதை இப்போதைக்கு விட்டுவிடுங்கள். அதே அறையில் தரையில், அதற்குப் பக்கவாட்டாக, கண்ணைப் பார்க்காமல் அமர்ந்து, ஏதேனும் படித்துக்கொண்டிருங்கள். அவ்வப்போது ஒரு சிறு இறைச்சித் துண்டை அதன் அருகில் போட்டால் போதும். பின்னர் அது உங்களை நோக்கி வரத் தொடங்கும்போது, பலரும் கையில் உணவை வைத்து ஆசைகாட்டி இழுக்கிறார்கள். அதைவிடத் துண்டை அதற்குப் பின்னால் எறிவது நல்லது, ஏனெனில் உண்பதற்காக விலகிச் சென்று, தானாக மீண்டும் வரும் ஒவ்வொரு முறையும் நெருங்குவதும் விலகுவதும் தன் விருப்பம்தான் என்பதை அது கற்றுக்கொள்கிறது. உறுமினால் அதட்டாதீர்கள். உறுமலை அடக்கினால், முன்னறிவிப்பு இல்லாமல் கடிக்கும் நாய்தான் மிஞ்சும்.

மறுமொழி 2:
மேலே சொன்னதில் எனக்கு ஒரே ஒரு திருத்தம்: கட்டிலுக்கு அடியை விட, பக்கங்களைத் துணியால் மூடி, கதவைத் திறந்தே வைத்த கூண்டு சிறந்தது. அவசரத்தில் மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டுமானால் கட்டிலுக்கு அடியிலிருந்து இழுத்தெடுக்க வேண்டியிராது. முதலில் உணவுத் தட்டைக் கூண்டுக்கு அருகில் வையுங்கள். உள்ளே போக வற்புறுத்த வேண்டாம்.

வெளியே அழைத்துச் செல்லும் காலம் வரும்போது கழுத்துப்பட்டையில் மட்டும் கயிற்றைக் கட்டாதீர்கள். மிரண்ட நாய் பின்னோக்கி இழுத்துத் தலையை உருவிக்கொண்டு ஓடிவிடும். மேலும், பொமரேனியன் போன்ற சிறு இனங்களுக்கு மூச்சுக்குழாய் தளர்ந்து சுருங்கும் நோய் அதிகம் வருவதால் கழுத்தில் இழுவை விழக் கூடாது. கழுத்துக்குப் பதிலாக மார்பைச் சுற்றி அணிவிக்கும், உடலுக்குப் பொருந்தும் ஹார்னஸ் வாங்குங்கள்.

மறுமொழி 3:
மருத்துவப் பரிசோதனை ஆகிவிட்டதா? சிறு இனங்களில் முழங்கால் சில்லு விலகுவதும், விழாத பால் பற்களால் வாய் நோவதும் சாதாரணம். வலியுள்ள நாயும் தொட்டால் விறைக்கும். இவ்வளவு சிறிய நாய் ஒரு நாள் முழுவதும் உண்ணாவிட்டால் காத்திருக்க வேண்டாம்.

கேட்டவர்:
மூவருக்கும் நன்றி. உதட்டை நக்கியது உண்மைதான். பசி என்று நினைத்துவிட்டோம். பரிசோதனைக்கு நாளை மறுநாள் முன்பதிவு செய்திருக்கிறேன். இன்று மாலை கணவர்தான் தரையில் அமர்ந்து செய்தித்தாள் படித்தார். நாற்பது நிமிடங்களுக்குப் பிறகு மூக்கு மட்டும் வெளியே தெரிந்தது. அவர் திரும்பிப் பார்த்தவுடன் உள்ளே போய்விட்டது.

மறுமொழி 1:
நாளை அவரைத் திரும்பிப் பார்க்காமல் படிக்கச் சொல்லுங்கள்.