அப்பா போன்ல இடமே இல்லை: போட்டோ பேக்கப் ஆகுதுன்னு காட்டுது, ஆனா காலியாக மாட்டேங்குது

பாலக்கோடு தக்காளி:
அப்பாவோட போன் 64 ஜிபி, ஆண்ட்ராய்டு 12. மீதி 900 எம்பிதான். மண்டிச் சீட்டு, லோடு ஏத்துற வீடியோ, வீட்டு விசேஷப் படம் எல்லாம் அதுலதான் இருக்கு. கூகுள் போட்டோஸ்ல பேக்கப் ஆன்ல இருக்கு. ஆனா "ஃப்ரீ அப் ஸ்பேஸ்" போனா 412 எம்பிதான் காலியாகும்னு சொல்லுது. கேலரியில பார்த்தா படமும் வீடியோவும் சேர்ந்து 25 ஜிபி. மீதி எங்க போச்சு? வீட்ல வைஃபை கிடையாது, தினம் 1.5 ஜிபி டேட்டா பேக்தான். எதை அழிச்சா எது போகும்னு பயமா இருக்கு.

ஓசூர் சர்வீஸ்:
இப்போதைக்கு எதையும் அழிக்காதீங்க. மூணு விஷயம் பார்த்துச் சொல்லுங்க. 1) போட்டோஸ் ஆப்ல புரொஃபைல் படத்தைத் தொட்டா அக்கவுண்ட் ஸ்டோரேஜ் எவ்வளவுன்னு வரும், அதுல எது எவ்வளவு எடுத்திருக்கு? 2) வாட்ஸ்அப் செட்டிங்ஸ், ஸ்டோரேஜ் அண்டு டேட்டா, மேனேஜ் ஸ்டோரேஜ்ல என்ன அளவு? 3) இதே ஜிமெயில் இதுக்கு முந்தின போன்லயும் இருந்துச்சா?

பாலக்கோடு தக்காளி:
அக்கவுண்ட்ல 15 ஜிபிக்கு 14.8 ஜிபி நிறைஞ்சிருக்கு. போட்டோஸ் 10.1, வாட்ஸ்அப் பேக்கப் 3.2, ஜிமெயில் 1.1, டிரைவ் 0.4. வாட்ஸ்அப்ல 15 ஜிபி காட்டுது. ஆமா, பழைய போன்லயும் இதே ஜிமெயில்தான்.

ஓசூர் சர்வீஸ்:
அப்ப கணக்கு சரியா வருது. அந்த 10.1 ஜிபியில பெரும்பங்கு பழைய போன் படம். இந்தப் போன்ல அது இல்லாததால அதை வெச்சு இங்க ஒண்ணும் காலியாகாது. அக்கவுண்ட் நிறையுற நிலைக்கு வந்ததும் புதுசு ஏறுறது நின்னுபோச்சு. மேகத்துல, அதாவது கூகுள் சர்வர்ல, ஏறினதை மட்டும்தான் "ஃப்ரீ அப் ஸ்பேஸ்" எடுக்கும், ஏறாததைத் தொடாது. அதனாலதான் 412 எம்பி.

ரெண்டாவது காரணம் வாட்ஸ்அப். போட்டோஸ் தானா பேக்கப் பண்றது கேமரா ஃபோல்டரை மட்டும்தான். வாட்ஸ்அப்ல வந்த படம், டவுன்லோடு, ஸ்கிரீன்ஷாட் எல்லாம் நீங்களா "பேக்கப் டிவைஸ் ஃபோல்டர்ஸ்"ல போய் ஆன் பண்ணாத்தான் ஏறும். அவசரப்பட்டு வாட்ஸ்அப் ஃபோல்டரை மொத்தமா ஆன் பண்ணிடாதீங்க. குட் மார்னிங் படமும் கட்சி வீடியோவும் ஏறி, இருக்கிற இடத்தையும் அடைச்சிடும்.

2021 ஜூன் 1க்கு முன்னாடி "ஹை குவாலிட்டி"யில ஏத்தினது 15 ஜிபி கணக்குல சேராது. அதுக்கப்புறம் ஏத்தினது எல்லாம் சேரும். "அப்பல்லாம் ஃப்ரீயா இருந்துச்சே"ன்னு பலர் குழம்புறது இதனாலதான். ஆண்ட்ராய்டு வாட்ஸ்அப் பேக்கப்பும் முன்னாடி இலவசம். 2024லேர்ந்து அதுவும் இதே 15 ஜிபியில விழுது.

முதல் வேலை அந்த 3.2 ஜிபி. வாட்ஸ்அப் செட்டிங்ஸ், சாட்ஸ், சாட் பேக்கப் போய் "இன்க்லூட் வீடியோஸ்" ஆஃப் பண்ணி ஒருதடவை பேக்கப் போடுங்க. புது பேக்கப் பழசு மேல ஏறி அளவு இறங்கிடும். வாட்ஸ்அப் படத்துல வேண்டியதை அதுக்குள்ளேயே பொறுக்கி எடுக்கிற வேலையை அப்புறம் சொல்றேன்.

அரூர் கம்ப்யூட்டர் அக்கா:
தம்பி சொன்னது சரி, ஆனா அதுக்கு முன்னாடி ஒண்ணு. அந்த ஜிமெயில் பாஸ்வேர்டு உங்க கையில இருக்கா கண்ணு? நம்ம பக்கம் அப்பா அம்மா போன்ல பாதி, போன் வாங்கின கடையில உட்கார்ந்து போட்டுக்கொடுத்த ஜிமெயில். பாஸ்வேர்டு கடைப் பையனுக்குத்தான் தெரியும், மீட்பு நம்பர்னு எப்பவோ தூக்கிப்போட்ட சிம் இருக்கும். போன் தொலைஞ்சா, உடைஞ்சா, மேகத்துல இருக்கிறது யாருக்கும் கிடைக்காது. வீடு கட்டி, சாவியைக் கொத்தனார்கிட்டயே விட்டுட்டு வந்த கதைதான்.

போன்ல ஒரு படத்தைக்கூட அழிக்கறதுக்கு முன்னாடி: செட்டிங்ஸ், கூகுள், மேனேஜ் அக்கவுண்ட், செக்யூரிட்டி. ரெக்கவரி போன்ல இப்ப ஓடுற நம்பர் இருக்கான்னு பாருங்க. பாஸ்வேர்டு தெரியலைன்னா, போன்ல ஏற்கெனவே உள்ள இருக்கிறதால "மறந்துட்டேன்" கொடுத்தா பெரும்பாலும் ஸ்கிரீன் லாக்கைக் கேட்டுட்டுப் புதுசு வைக்க விடும். வெச்சு நோட்டுல எழுதுங்க. அப்புறம் வேற போன்ல பிரவுசரைத் திறந்து அதே ஜிமெயிலில் உள்ள போங்க. அங்க படம் தெரிஞ்சாத்தான் பேக்கப் இருக்குன்னு அர்த்தம். போன்ல மேகக் குறி தெரியுறதை மட்டும் நம்பாதீங்க.

இன்னொண்ணு, இதுலதான் நிறைய பேர் மாட்டுறாங்க. கூகுள் போட்டோஸ் ஆப்புக்குள்ள ஒரு படத்தைத் தேர்ந்தெடுத்து குப்பைத்தொட்டியைத் தொட்டா போன்லயும் போகும், மேகத்துலயும் போகும். "ஃப்ரீ அப் ஸ்பேஸ்" கொடுத்தா போன்ல எடுத்துட்டு மேகத்துல விட்டுவைக்கும். தெரியாம அழிச்சிருந்தா, பேக்கப் ஆன படம் 60 நாள் டிராஷ்ல இருக்கும், அதுக்குள்ள மீட்டுக்கலாம்.

சந்தூர் மாங்காய்:
இதுக்கு எதுக்குங்க இவ்வளவு பாடு? 128 ஜிபி பென்டிரைவ், அதைப் போன்ல சொருக ஒரு ஓடிஜி பின். காப்பி பண்ணு, அழி. டேட்டா செலவே இல்லை.

ஓசூர் சர்வீஸ்:
செய்யலாம் அண்ணா. லோடு வீடியோவுக்கு அதுவே நல்லது. 1080பி வீடியோ நிமிஷத்துக்குச் சுமார் 130 எம்பி, அதை மேகத்துக்கு ஏத்தறது வீண். ஆனா பென்டிரைவ் போகும்போது சொல்லிட்டுப் போகாது. விசேஷப் படம் ரெண்டு இடத்துல இருக்கணும். காப்பி பண்ணும்போது "மூவ்" கொடுக்காம "காப்பி" கொடுத்து, பென்டிரைவ்ல நாலு வீடியோவைத் திறந்து ஓட்டிப் பார்த்துட்டு அப்புறம் போன்ல அழிங்க. நடுவுல கழட்டினா பாதி ஃபைல்தான் இருக்கும்.

சரி, வாட்ஸ்அப். மேனேஜ் ஸ்டோரேஜ்ல "5 எம்பிக்கு மேல்", "பலமுறை ஃபார்வர்டு ஆனவை"ன்னு ரெண்டு பெட்டி வரும். ரெண்டாவதுல கண்ணை மூடிட்டு அழிக்கலாம். முதலாவதுல பார்த்து அழிங்க, மண்டி வீடியோ இருக்கலாம். அழிச்சா சாட்லேர்ந்தும் போயிடும், அதனால வேண்டிய படத்தைக் கேமரா ஃபோல்டருக்கு முதல்லயே காப்பி பண்ணிக்கோங்க. அது தானா மேகத்துக்கு ஏறிடும். ஃபைல் மேனேஜர்ல வாட்ஸ்அப் வீடியோ ஃபோல்டருக்குள்ள "சென்ட்"னு ஒண்ணு இருக்கும். அப்பா அனுப்பினதோட இன்னொரு நகல் அது. ஒரிஜினல் கேமராவுல இருந்தா இதை அழிக்கலாம். கடைசியா மீடியா ஆட்டோ டவுன்லோடை ஆஃப் பண்ணலைன்னா ரெண்டே மாசத்துல இதே கேள்வியோட வருவீங்க.

பாலக்கோடு தக்காளி:
அக்கா சொன்னது அப்படியே. ரெக்கவரி நம்பர் யாருடையதுன்னே தெரியல. ஸ்கிரீன் லாக் வெச்சுப் பாஸ்வேர்டு மாத்தியாச்சு, அப்பா நம்பர் போட்டாச்சு. வாட்ஸ்அப் பேக்கப் 3.2லேர்ந்து 0.4 ஆயிடுச்சு. ஃபார்வர்டு அழிச்சதுல போன்ல 6 ஜிபி காலி. ஆனா போட்டோஸ் "பிரிபேரிங் பேக்கப்"லயே ரெண்டு நாளா நிக்குது. இன்னும் 5 ஜிபி ஏறணும்.

ஓசூர் சர்வீஸ்:
வைஃபை இல்லாததால அது காத்துக்கிட்டு இருக்கு. பேக்கப் செட்டிங்ஸ்ல "மொபைல் டேட்டா யூசேஜ்"ல தினசரி வரம்பு இருக்கும், அதை அன்லிமிடெட் ஆக்குங்க. வீடியோவுக்குத் தனி சுவிட்ச், அது ஆஃப்லயே இருக்கட்டும். அப்புறம் ஆப் இன்ஃபோ, பேட்டரி, "அன்ரிஸ்ட்ரிக்டட்". டேட்டா சேவர், பவர் சேவர் ரெண்டும் ஆஃப்.

உங்க 1.5 ஜிபி ராத்திரி 12க்குப் புதுப்பிக்கும். அப்பா படுத்தப்புறம் 10 மணிக்கு சார்ஜரில் போட்டு, ஆப்பைத் திறந்தே விடுங்க. அன்னிக்கு மிச்சமிருந்தது 12 வரைக்கும் ஓடும். அப்லோடு 5 எம்பிபிஎஸ் கிடைச்சாலே 1 ஜிபி அரை மணி நேரத்துக்குள்ள ஏறிடும். 12க்கு அப்புறம் விட்டா மறுநாள் கோட்டாவைத் தின்னுடும். மண்டியில அப்பாவுக்கு நெட் இருக்காது. பகல்ல பழையபடி வரம்பைக் குறைச்சு வைங்க. கோட்டா தீர்ந்தப்புறம் வர்ற 64 கேபிபிஎஸ்ல 1 ஜிபிக்கு 35 மணி நேரம் ஆகும், அதை நம்பாதீங்க.

அரூர் கம்ப்யூட்டர் அக்கா:
ஏத்தறதுக்கு முன்னாடி தரத்தை "ஸ்டோரேஜ் சேவர்"ல வைங்க. 16 மெகாபிக்சலுக்கு மேல உள்ள படத்தை அந்த அளவுக்குச் சுருக்கும், வீடியோவை 1080பிக்கு இறக்கும். மண்டிச் சீட்டுல எழுத்து அப்பவும் நல்லாவே படிக்க வரும். பழைய 10.1 ஜிபி ஒரிஜினல் தரத்துல ஏறியிருந்தா, கம்ப்யூட்டர் பிரவுசரில் போட்டோஸ் செட்டிங்ஸ்ல "ரெக்கவர் ஸ்டோரேஜ்" இருக்கும், அதையும் சுருக்கித் தரும். ஆனா சுருக்கினது சுருக்கினதுதான், திரும்ப வராது. கல்யாணப் படம் ஏதாவது பெருசா பிரிண்ட் போடணும்னா அதை மட்டும் முதல்ல பென்டிரைவுக்கு இறக்கிடுங்க.

சந்தூர் மாங்காய்:
பட்டா, சிட்டா பிடிஎஃப் எல்லாம் போட்டோஸ்ல ஏறுமா?

அரூர் கம்ப்யூட்டர் அக்கா:
ஏறாதுங்க. படமும் வீடியோவும் மட்டும்தான். பிடிஎஃபைக் கையால டிரைவ்ல போடணும். டவுன்லோடு ஃபோல்டரைத் திறந்து பாருங்க, ஒரே சிட்டா பத்துத் தடவை இறங்கியிருக்கும். ஒண்ணை வெச்சுட்டு மீதியை அழிங்க. தேவைப்பட்டா இ-சர்வீசஸ் தளத்துல எப்ப வேணா எடுத்துக்கலாம்.

பாலக்கோடு தக்காளி:
ஸ்டோரேஜ் சேவர்ல வெச்சு ஏத்தினேன். ஆறு ராத்திரி ஆச்சு, எல்லாம் ஏறிடுச்சு. என் போன் பிரவுசரில் போய்ப் பார்த்தேன், இருக்கு. இப்ப "ஃப்ரீ அப் ஸ்பேஸ்"ல 4.8 ஜிபி காட்டுது. அமுக்கலாமா? அப்பா நெட் இல்லாத இடத்துல பழைய சீட்டைக் காட்டணும்னா?

ஓசூர் சர்வீஸ்:
அமுக்கலாம். நெட் இல்லாம திறந்தா மங்கலாத்தான் தெரியும், எழுத்து படிக்க வராது. அதனால இந்த சீசன் சீட்டை மட்டும் அமுக்கின பிறகு போட்டோஸ்ல திறந்து, மூணு புள்ளியில "டவுன்லோடு" கொடுத்துடுங்க. போன்ல திரும்ப வந்து உட்கார்ந்துக்கும். கேலரியோட ரீசைக்கிள் பின்னையும் காலி பண்ணுங்க. அதுல இருக்கிறதும் போன் இடத்தைத்தான் பிடிச்சிட்டிருக்கு.