டிஸ்ட்ரிக்ட் ஹீட்டிங் (ஒரு நிலையத்திலிருந்து குழாய் வழியே பல வீடுகளுக்கு சூடான நீர்) திட்டமிட எந்த சிமுலேஷன் மென்பொருள்? பயன்படுத்தியவர்கள் சொல்வது

குழாய்க்கணக்கு:
எனர்ஜிப்ரோ நல்லதா, டெர்மிஸ் நல்லதா என்ற கேள்வியே இடறுகிறது. இரண்டும் வேறு வேலைக்கு. எந்த மணிக்கு எந்த பாய்லர், எப்போது ஹீட் பம்ப், சேமிப்புத் தொட்டியை எப்போது நிரப்புவது என்பதை மின்விலையோடு சேர்த்துக் கணக்குப் போடுவது எனர்ஜிப்ரோ. குழாய்க்குள் என்ன அழுத்தம் என்பது அதன் வேலையே இல்லை. அதற்கு டெர்மிஸ், நெட்சிம், ஸ்டானெட், சிர் 3எஸ் வகையறா வேண்டும். எந்தத் தெருவழியே குழாய் போட்டால் செலவு குறையும் என்று ஆரம்பத்தில் பார்க்க தெர்மோஸ் போதும்.

குளிர்கால உச்ச சுமைக்குக் குழாய் அளவு பார்ப்பதில் மென்பொருளுக்கு மென்பொருள் பெரிய வித்தியாசம் வராது. வந்தால் இன்புட்டைத்தான் சந்தேகப்பட வேண்டும். ஒரே ஒரு குழாயை வைத்துச் சோதித்துப் பாருங்கள்: 1 மெகாவாட், சப்ளைக்கும் (போகும் சூடுநீர்) ரிட்டர்னுக்கும் (திரும்பும் நீர்) 30 டிகிரி வித்தியாசம் என்றால் ஓட்டம் விநாடிக்கு 7.95 கிலோ. டிஎன்100 என்ற அளவுக் குழாய் (உள்விட்டம் 107.1 மிமீ), உட்சுவர் சொரசொரப்பு 0.1 மிமீ, 80 டிகிரி நீர்: வேகம் 0.9 மீ/வி, அழுத்த இழப்பு மீட்டருக்கு சுமார் 77 பாஸ்கல். அதே ஓட்டம் டிஎன்80-இல் 300-ஐத் தொடும். டிஎன்100-க்கு 140 என்று காட்டினால் யாரோ 0.1-க்குப் பதில் 1 மிமீ அடித்திருக்கிறார்கள்.

நீரோட்டம்:
குடிநீர்க் குழாய்களுக்கான இபிஏநெட் இலவசம்தானே, அதிலேயே முடித்துவிடலாமா என்று கேட்பவர்களுக்கு: அழுத்தக் கணக்கு பரவாயில்லை. மேலே உள்ள குழாயையே 20 டிகிரி நீருக்குப் போட்டாலும் 81 பாஸ்கல்தான் வரும். சிக்கல் அங்கே இல்லை, அதற்கு வெப்பநிலை என்ற ஒன்றே கிடையாது. கடைசி வீட்டுக்கு எத்தனை டிகிரியில் போய்ச் சேரும் என்று சொல்லாத மாடலை வைத்து என்ன செய்வது?

எல்லா மென்பொருளிலும் சறுக்கும் இன்னொரு இடம், ஒரே நேரத் தேவை. எல்லா வீடும் ஒரே நொடியில் உச்ச அளவில் இழுப்பதில்லை. பல நூறு வீடுகள் சேர்ந்தால் காரணி (எல்லா உச்சத்தையும் கூட்டியதில் நிஜமாக வரும் பங்கு) 0.5–0.6 அளவுக்கு இறங்கும். அந்த எண்ணை எடுத்து மொத்த நெட்வொர்க்குக்கும் பெருக்கிவிட்டால் மெயின் லைன் சரியாக வரும். நான்கு வீட்டுக்குப் போகும் கிளைக் குழாய் பாதித் தேவைக்கு மட்டுமே போதுமான அளவில் நின்றுவிடும். ஒவ்வொரு குழாய்க்கும் அதன் கீழே எத்தனை வீடு என்று எண்ணித்தான் காரணி போட வேண்டும். வளைய நெட்வொர்க்கில் ஓட்டத்தின் திசையே மாறும் என்பதால் "கீழே" என்பதே குழப்பம். வாங்குமுன் டெமோவில் இதைக் கட்டாயம் கேளுங்கள்.

பைதான்பிரியர்:
பாண்டாபைப்ஸ் என்ற பைதான் குழாய்க் கணக்கு நூலகம் பற்றி. இலவசம், நூற்றுக்கணக்கான மாற்றுத் திட்டங்களை ஸ்கிரிப்டில் ஓட்டலாம். ஆனால் வெப்ப இழப்புக் கெழுவை அது சதுர மீட்டருக்குக் கேட்கிறது. குழாய் கேட்டலாக்கில் இருப்பதோ நீள மீட்டருக்கு. 200 மிமீ உறையுள்ள டிஎன்100-க்கு நீள மீட்டருக்கு ஏறத்தாழ 0.32 வாட்/கெல்வின். இதைக் குழாய்ச் சுற்றளவால் (0.336 மீ) வகுத்தால் 0.95. வகுக்காமல் 0.32 என்றே போட்டால் இழப்பு மூன்றில் ஒன்றாகத் தெரியும், பிழைச் செய்தி எதுவும் வராது. உச்ச சுமையில் யார் கண்ணிலும் படாது. கோடையில் ஓட்டம் விநாடிக்கு அரை கிலோவாகக் குறைந்து, மண்ணைவிட நீர் 70 டிகிரி சூடாக இருந்தால், ஒரு கிலோமீட்டரில் உண்மையில் 10 டிகிரி இறங்கும். மாடல் மூன்றரை என்று சொல்லும்.

கோடை ரன்னில் கணக்கு குவியாமல் (விடை ஒரு எண்ணில் நிலைக்காமல்) நின்றால் முதலில் ஓட்டமே இல்லாத குழாய்களைத் தேடுங்கள். நிஜ நெட்வொர்க்கில் லைன் கடைசியில் சப்ளை நீரைக் கொஞ்சம் நேராக ரிட்டர்னுக்கு விடும் பைபாஸ் வால்வு இருக்கும், மாடலிலும் வையுங்கள். கணக்கும் ஓடும், ரிட்டர்ன் ஏன் சூடாகத் திரும்புகிறது என்பதும் தெரியும். ரிட்டர்னை வருடம் முழுக்க 50 டிகிரி என்று பூட்டிவைத்த மாடலில் இது எதுவும் வெளியே வராது. வருடாந்திர இழப்பைச் சொல்ல அந்த மாடல் லாயக்கில்லை என்பேன்.

குழாய்க்கணக்கு:
ஆமாம், அதோடு நேரமும் இருக்கிறது. 3 கிலோமீட்டரை 0.9 மீ/வி வேகத்தில் கடக்க 55 நிமிடம், கோடையில் 0.2 மீ/வி என்றால் நான்கு மணி நேரத்துக்கு மேல். நேரம் போவதைப் பார்க்காத நிலைத்த நிலைக் கணக்கில் காலையில் ஏற்றிய சூடு அந்த நொடியே கடைசி வீட்டில் இருக்கும். வெப்பநிலையை ஏற்றி இறக்கி ஓட்டப் போகிறீர்கள் என்றால் நேரத்தோடு மாறுவதைக் கணக்கிடும் டைனமிக் மாடல் தேவை. அதிலும் குழாயைப் பத்துத் துண்டாக மட்டும் வெட்டிக் கணக்கிடும் முறை வெப்ப அலையின் முனையை மழுக்கிவிடும். திடீரென ஏறவேண்டிய சூடு மெதுவாக ஏறுவதுபோல் தெரியும். மாடலிகா என்ற மாடலிங் மொழியில் ஐபிபிஎஸ்ஏ நூலகத்தின் பிளக்-ஃப்ளோ குழாய் (நீர் கலக்காமல் அப்படியே நகர்வதாகக் கணக்கிடுவது) இதைத் தவிர்க்கிறது. ஆனால் ஆயிரம் வீட்டை அப்படியே அதில் கொட்டினால் ரன் முடிவதற்குள் பொறுமை போய்விடும். கிளைகளைத் தொகுத்துச் சுருக்கிய பிறகே ஓட்டுங்கள்.

மேடுபள்ளம்:
உயரத் தரவைச் சொல்லாமல் விட்டுவிட்டீர்கள். 40 மீட்டர் மேடு என்றால் உச்சியில் 3.8 பார் அழுத்தம் குறையும். 110 டிகிரி சப்ளையில் ஆவியழுத்தமே 1.4 பார் (வளிமண்டல அழுத்தத்தையும் சேர்த்த அளவில்), அதனால் உச்சியில் அதற்கு மேலே அழுத்தம் நிற்க வேண்டும். வரைபடத்திலிருந்து இறக்கிய உயரத்தில் ஒரு புள்ளி தவறுதலாக மிக உயரமாகப் பதிவாகியிருந்தால், அங்கே நீர் கொதிப்பதாக மென்பொருள் எச்சரிக்கும்.

அழுத்தத்தைப் பிடிக்கும் புள்ளியை (அழுத்தம் இவ்வளவு என்று மாடலில் பூட்டும் இடம்) ஒன்றே ஒன்றாக வையுங்கள். இரண்டு பம்ப் நிலையத்திலும் அழுத்தத்தைப் பூட்டினால் ஒன்றில் நீர் உள்ளே வந்து மற்றதில் வெளியேறும், மாடல் சந்தோஷமாகக் குவியும். அழுத்தத்தைப் பிடிக்கும் புள்ளியில் உள்ளே வரும், வெளியேறும் நீர் பூஜ்யமா என்று ஒவ்வொரு ரன்னிலும் பாருங்கள்.